கையால் வரைந்ததைக் கணினி டிசைனாக்குதல்: வெள்ளவத்தை வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் கொழும்பு வெள்ளவத்தையில் சிறு வகுப்பொன்று நடத்துகிறேன். புடைவைக் கடை வைத்திருப்பவர், பிளவுஸுக்கு ஆரி வேலை செய்யும் பெண்கள், ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர், செட்டியார் தெரு நகைப் பட்டறையில் வேலை பார்க்கும் இளைஞர் என்று பலரும் வருகிறார்கள். தொழில்கள் வேறு வேறு என்றாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை அவர்கள் கேட்டபடியே கீழே எழுதி, பதில்களைச் சேர்த்திருக்கிறேன்.

அக்கா, என்னிடம் கணினியே இல்லை. கைத்தொலைபேசியில் மட்டும் செய்து முடிக்கலாமா?

பாதி தூரம் போகலாம். படம் எடுப்பது, தாளின் அழுக்கை நீக்குவது, நிறம் மாற்றிப் பார்ப்பது எல்லாம் தொலைபேசியிலேயே நடக்கும். அச்சகமோ துணி அச்சிடுபவரோ கேட்கிற அளவில், கேட்கிற வடிவில் இறுதிக் கோப்பைத் தருவதற்குத்தான் கணினி தேவை. பழைய மடிக்கணினி போதும். இன்க்ஸ்கேப், ஜிம்ப், கிரிட்டா மூன்றும் இலவசம். இந்தப் பக்கத்தில் சொல்லும் வேலைகளில் பெரும்பாலானவற்றை அவற்றிலேயே செய்யலாம். மென்பொருளுக்குப் பணம் கட்டுவதை முதல் வருமானம் வந்த பிறகு யோசியுங்கள்.

எந்தத் தாளில், எதனால் வரைய வேண்டும்? என் பிள்ளையின் கொப்பியில் வரைந்தால் ஆகாதா?

கோடு போட்ட கொப்பி வேண்டாம். அந்தக் கோடுகளை நீக்கும் நேரத்தில் புதிதாகவே ஒன்று வரைந்துவிடலாம். வழவழப்பான, வெள்ளையான, சற்றுத் தடித்த தாள் வாங்குங்கள். சொரசொரப்பான சித்திரத் தாளில் பேனாக் கோட்டின் ஓரம் கிழிந்ததுபோல் வரும். அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஸ்கேனருக்குத் தெரியும். கொழும்பின் ஈரக் காற்றில் மெல்லிய தாள் ஒரே இரவில் நெளிந்துவிடும். நெளிந்த தாளை ஸ்கேன் செய்தால் மேட்டுக்கு மேடு நிழல் விழும். வரைந்ததைப் புத்தகங்களுக்கு அடியில் வைத்து அமுக்கிவிட்டு ஸ்கேன் செய்யுங்கள்.

கருமையான ஜெல் பேனாவோ மை பேனாவோ நல்லது. சாதாரணப் பந்துமுனைப் பேனாவின் கோடு விட்டுவிட்டு வரும், பளபளக்கும். முதலில் வெளிர் நீலப் பென்சிலால் வரைந்துகொண்டு அதன்மேல் கறுப்பு மையால் முடிவான கோட்டைப் போடுங்கள். அழிக்க வேண்டியதில்லை. வண்ணப் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று பிரதிகளால் ஆனது, ஒவ்வொன்றும் ஒரு சேனல். வண்ணத்தில் ஸ்கேன் செய்த பின் படத்தின் நீல சேனலை மட்டும் எடுத்தால் நீலப் பென்சில் வெள்ளைத் தாளோடு கலந்து மறைந்துவிடும், கறுப்பு மட்டும் நிற்கும். ஜிம்ப்பில் ‘டிகம்போஸ்’ கட்டளை இதைச் செய்கிறது. அழிப்பான் தேய்த்துத் தாளைக் கெடுத்துக்கொள்பவர்கள் இதை ஒருமுறை செய்து பார்த்தால் பிறகு விடமாட்டார்கள்.

ஸ்கேனர் வாங்க வேண்டுமா? போனில் எடுத்த படம் போதாதா?

ஏ4 தாள்வரை போன் போதும். 12 மெகாபிக்சல் கமெரா 4000 × 3000 பிக்சல் தருகிறது. தாள் சட்டம் நிறைய விழுந்தால் அங்குலத்துக்கு 300 பிக்சலுக்குக் குறையாமல் கிடைக்கும். பிக்சல் பற்றாக்குறையைவிட வெளிச்சமும் கோணமும்தான் பெரிய தொல்லை. தாளைத் தரையில் வைத்து நின்றபடி எடுத்தால் உங்கள் தலை நிழலே அதில் விழும். ஜன்னலோரம், நேர் வெயில் படாத இடத்தில், காலை 9 மணியளவில் எடுங்கள். நம் ஊரில் நண்பகல் வெயில் கிட்டத்தட்ட உச்சியிலிருந்து இறங்குகிறது, ஏப்ரல் தொடக்கத்தில் நேர் உச்சியிலிருந்தே. அந்த நேரம் ஜன்னலால் வருவது தரையிலும் எதிர்ச் சுவரிலும் பட்டுத் தெறித்த ஒளிதான். எதிர்ச் சுவர் மஞ்சளென்றால் உங்கள் தாளும் மஞ்சள்.

மிக அருகே போய் அகல லென்ஸில் எடுத்தால் சதுரம் பீப்பாய்போல் உப்பும். இரண்டு மடங்கு லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்திச் சற்று உயரத்திலிருந்து எடுங்கள். கோலம், கரை, நகை வடிவம் போன்று அளவு பிசகக்கூடாத வேலைகளுக்கு மட்டும் ஸ்கேனர்தான் சரி. வாங்கத் தேவையில்லை, தெருமுனைக் கொமியூனிகேஷன் கடையில் ஸ்கேன் செய்து தருவார்கள். ஆனால் ஒன்றும் சொல்லாமல் கொடுத்தால் கடிதத்தை ஸ்கேன் செய்வதுபோல் குறைந்த அளவில் பீடிஎஃப் ஆக்கித் தருவார்கள். ‘600 டிபிஐ, கிரேஸ்கேல், பிஎன்ஜி அல்லது டிஃப்’ என்று ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். டிபிஐ என்பது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு, கிரேஸ்கேல் என்பது சாம்பல் நிறங்களோடு எடுப்பது, மற்ற இரண்டும் கோப்பு வகைகள். நீலப் பென்சிலோ கறையோ இருந்தால் கிரேஸ்கேலுக்குப் பதில் ‘கலர்’ என்று எழுதுங்கள். கறுப்பு-வெள்ளை என்ற தெரிவு வேண்டாம். அது சாம்பல் நிறங்களையெல்லாம் வெட்டி எறிந்து கோட்டை ஏணிப்படி ஆக்கிவிடும்.

300 டிபிஐயா 600ஆ? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

கோட்டோவியத்துக்கு 600, வண்ணப் படத்துக்கு 300. வண்ணப் படத்தை அச்சில் இரண்டு மடங்கு பெரிதாக்கப் போகிறீர்கள் என்றால் அதற்கும் 600. ஏ4 தாள் 300இல் 2480 × 3508 பிக்சல், 600இல் 4960 × 7016 பிக்சல். அதற்கு மேலே போனால் தாளின் நாரைத்தான் படம் எடுக்கிறீர்கள்.

சிறிய படத்தைப் பின்னர் மென்பொருளில் ‘600’ என்று மாற்றி எழுதிவிட்டுத் தரம் கூடியதாக நினைப்பவர்கள் உண்டு. எண்தான் மாறும்.

வட்ஸ்அப்பில் அனுப்பினேன். கடைக்காரர் மங்கலாக இருக்கிறது என்கிறார். என் போனில் தெளிவாகத்தான் இருக்கிறது.

புகைப்படமாக அனுப்பினால் வட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், அல்லது மின்னஞ்சலில் அனுப்புங்கள். அதோடு வேலைக் கோப்பை ஜேபெக்காக மறுபடி மறுபடி சேமிக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் கோட்டைச் சுற்றித் தூசு சேரும்.

வரைந்த தாளில் தேநீர் சிந்திவிட்டது. இன்னொன்று அம்மாவின் பழைய கோலக் கொப்பி, முழுக்க மஞ்சள். இவற்றைக் காப்பாற்ற முடியுமா?

முடியும். நீலப் பென்சிலுக்குச் சொன்ன அதே வித்தைதான், சேனல் மட்டும் வேறு. தேநீர்க் கறையும் பழைய தாளின் மஞ்சளும் சிவப்பு சேனலில் மிக வெளிறித் தெரியும், நீல சேனலில் மிகக் கருத்துத் தெரியும். ஆகவே வண்ணத்தில் ஸ்கேன் செய்து சிவப்பு சேனலை எடுங்கள். பிறகு ‘லெவல்ஸ்’ பெட்டியில் வெள்ளை முனையைத் தாளின் நிறம் வரைக்கும், கறுப்பு முனையை மையின் நிறம் வரைக்கும் நகர்த்துங்கள். கோடு மெலிய ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். அம்மாவின் கோடு நீல மையென்றால் இன்னும் நல்லது, சிவப்பு சேனலில் அது நன்றாகக் கருக்கும்.

அம்மாவின் கொப்பியை எந்த மாற்றமும் செய்யாமல் அப்படியே ஒரு பிரதி எடுத்துத் தனியாக வையுங்கள். கறையோடுதான்.

வெக்டர் வெக்டர் என்கிறார்களே, எல்லாவற்றையும் வெக்டராக்க வேண்டுமா?

வேண்டாம். பிக்சல் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம் எழுதப்பட்டிருக்கிறது. வெக்டரில் கோடு எங்கே தொடங்கி எப்படி வளைந்து எங்கே முடிகிறது என்ற கணக்குத்தான் இருக்கிறது. அதனால் பெயர் அட்டையிலிருந்து பெனர்வரை எந்த அளவிலும் ஓரம் கூர்மையாகவே இருக்கும். கோலம், இலச்சினை, கரை, வெட்டு வேலை, ஒருநிற மோட்டிவ் எல்லாவற்றுக்கும் வெக்டர் சிறந்தது.

நீர்வண்ணம், பென்சில் நிழல், கரித்துண்டு ஆகியவற்றை வெக்டராக்கினால் ஆயிரக்கணக்கான திட்டுகளாக உடைந்து கணினியையும் திணறடிக்கும், படத்தையும் கொன்றுவிடும். அவற்றைப் பிக்சலாகவே வைத்துப் போதிய அளவில் ஸ்கேன் செய்யுங்கள். துணியில் டிஜிட்டல் முறையில் அச்சிடுபவர்கள் பிக்சல் கோப்பை மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வார்கள். வெக்டர் என்பது ஏதோ உயர்ந்த படி என்ற எண்ணம் நம்மிடையே பரவியிருக்கிறது. எனக்கு அது விளங்கவில்லை.

இன்க்ஸ்கேப்பில் ட்ரேஸ் போட்டேன். நான் வரைந்தது ஒரு கோடு, வந்தது இரண்டு கோடு. ஏன்?

ட்ரேஸ் என்றால் பிக்சல் படத்தைக் கணினியே வெக்டராக்குவது. ஆனால் கணினிக்குக் கோடு என்றால் என்னவென்று தெரியாது. கறுப்பான ஒரு பரப்பு தெரிகிறது, அதன் ஓரத்தைச் சுற்றி வருகிறது. உங்கள் பேனாக் கோட்டுக்கு இரண்டு ஓரம், ஆகவே இரண்டு கோடு. அச்சுக்கு இதில் குற்றமே இல்லை. உள்ளே கறுப்பை நிரப்பினால் உங்கள் பேனா அழுத்திய இடம் தடித்து, விட்ட இடம் மெலிந்து அப்படியே வரும்.

தகட்டில் செதுக்கும் இயந்திரத்துக்கோ, தையலுக்கு வழிகாட்டவோ தனிக்கோடு வேண்டுமென்றால் இன்க்ஸ்கேப்பின் ட்ரேஸ் பெட்டியில் நடுக்கோட்டைப் பிடிக்கும் தெரிவு இருக்கிறது. சந்திகளில் அது தடுமாறும். சிக்குக் கோலம் என்றாலே சந்திகள்தான். அதனால் சிக்குக் கோலத்தை நான் ட்ரேஸ் செய்வதே இல்லை. ஸ்கேனை அடி அடுக்கில் மங்கலாக வைத்து மேலே பேனாக் கருவியால் வரைகிறேன். வளைவின் நடுவில் புள்ளிகளைக் குவிக்காமல், வளைவு இடம், வலம், மேல், கீழ் என்று அதிகபட்சம் போகும் இடங்களில் மட்டும் வையுங்கள். ஒரு வட்டத்துக்கு நான்கு போதும். புள்ளி கூடக்கூட வளைவு நொண்டும்.

கை நடுக்கமெல்லாம் தெரிகிறதே. ‘ஸ்மூத்’ போட்டுச் சரியாக்கிவிடவா?

தனிப் படமென்றால் விட்டுவிடுங்கள். அது உங்கள் கை. முழுக்க வழவழப்பாக்கினால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் படத்துக்கும் உங்கள் படத்துக்கும் வித்தியாசம் இராது, பிறகு ஏன் கையால் வரைய வேண்டும்?

திரும்பத் திரும்ப வரும் டிசைன் வேறு கதை. ஒரு பூவின் இதழ் சற்றுக் கோணினால் அழகு. அதே கோணல் சேலை முழுக்க ஒரே இடைவெளியில் வந்தால் கண் பூவை விட்டுவிட்டு அந்தக் கோணலையே எண்ணும். ஆகவே ரிப்பீட்டில், அதாவது இப்படித் திரும்பத் திரும்ப வரும் டிசைனில், கண்ணை இழுக்கும் பிழைகளை மட்டும் திருத்துங்கள். அல்லது ஒரே பூவை மூன்று விதமாக வரைந்து கலந்து வையுங்கள். நான் விரும்புவது இரண்டாவது வழி.

டைல்களை அடுக்கினால் நடுவில் கோடு தெரிகிறது. பூக்களும் வெட்டுப்படுகின்றன. ரிப்பீட்டை எப்படிச் சரியாகச் செய்வது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். டைல் என்பது திரும்பத் திரும்ப அடுக்கும் ஒரு துண்டு. முறை எளிது. ஒரு சதுரத்தின் நடுவில் மட்டும், ஓரத்தைத் தொடாமல் வரையுங்கள். பிறகு படத்தைப் பாதி அகலமும் பாதி உயரமும் நகர்த்துங்கள். ஜிம்ப்பிலும் போட்டோஷாப்பிலும் ‘ஆஃப்செட்’ என்ற கட்டளை இருக்கிறது. வலப்பக்கம் வெளியேறியது இடப்பக்கம் வரும். இப்போது பழைய ஓரங்கள் நடுவில் சிலுவையாகச் சந்திக்கும், அங்கே வெற்றிடம் இருக்கும். அதை நிரப்புங்கள், புதிய ஓரத்தைத் தொடாதீர்கள். டைல் தயார். தாளிலும் இதையே செய்யலாம்: நான்காக வெட்டி, மூலைகள் நடுவில் வருமாறு மாற்றி ஒட்டி, வெற்றிடத்தில் வரையுங்கள். கிரிட்டாவில் டபிள்யூ விசையை அழுத்தினால் நீங்கள் வரைய வரையவே நாற்புறமும் ரிப்பீட் தெரியும்.

மெல்லிய வெள்ளைக் கோடு தெரிகிறதென்றால் டைலின் அளவு முழு எண் பிக்சலில் இருக்கிறதா என்று பாருங்கள். 1181.1 என்றிருந்தால் 1181 ஆக்குங்கள். வெக்டரில் திரையில் மட்டும் தெரிந்து அச்சில் வராத கோடும் உண்டு. பெரிதாக்கிப் பார்க்கும்போது தடிக்காமல் அதே மயிரிழையாகவே இருந்தால் பெரும்பாலும் அந்த வகைதான்.

கோலத்துக்கு இந்த முறை வேண்டாம், புள்ளிகளே ரிப்பீட்டைச் சொல்லிவிடும். நேர்ப்புள்ளிக் கோலமென்றால் டைலின் பக்கம் புள்ளி இடைவெளியின் முழு மடங்காக இருக்க வேண்டும். இடைப்புள்ளிக் கோலத்தில் அடுத்தடுத்த வரிசை அரை இடைவெளி தள்ளி நிற்பதால் டைலுக்குள் வரிசைகள் இரட்டைப்படையாக இருந்தே ஆக வேண்டும். ஒற்றைப்படை வந்தால் மேல் டைலும் கீழ் டைலும் ஒட்டாது. சமதளத்தில் ஒரு வடிவத்தைத் திருப்பியும் பிரதிபலித்தும் இரு திசைகளில் அடுக்க 17 வகைச் சமச்சீர்களே உண்டு என்று ரஷ்யரான ஃபெடொரோவ் 1891இல் நிறுவினார். இன்க்ஸ்கேப்பின் ‘டைல்ட் குளோன்ஸ்’ பெட்டியில் அந்த 17உம் பட்டியலாக இருக்கின்றன. ஒரே இதழைக் கொடுத்து ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள், ஒரு மாலைப்பொழுது போவதே தெரியாது.

ரிப்பீட் எத்தனை அங்குலம் இருக்க வேண்டும்? நான் 12 அங்குலம் போட்டிருக்கிறேன்.

எங்கே அச்சிடப் போகிறீர்கள் என்று தெரியாமல் இதற்குப் பதில் இல்லை. டிஜிட்டல் அச்சென்றால் எந்த அளவும் சரி. சுழல் உருளை ஸ்கிரீனில் அச்சிடும் ஆலைகளில் உருளையின் சுற்றளவு பொதுவாக 64 சென்டிமீற்றர். ரிப்பீட் 64, 32, 16 என்று அதற்குள் சரியாக அடங்க வேண்டும். 12 அங்குலம் என்பது 30.48 சென்டிமீற்றர், அடங்காது. வரைவதற்கு முன் ஆலையிடம் கேளுங்கள்.

சேலையில் இன்னொன்றும் உண்டு. ஐந்தரை மீற்றர் நீளத்தில் உடல், கரை, முந்தானை மூன்றும் மூன்று தனி டிசைன்கள். உடல் ரிப்பீட்டையே சுருக்கிக் கரையில் போட்டால் கோடுகள் மெலிந்து அடைத்துக்கொள்ளும். கரையைத் தனியாக வரையுங்கள்.

திரையில் குங்குமச் சிவப்பு, துணியில் செங்கல் நிறம். யார் தவறு?

யார் தவறும் இல்லை. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, துணி சாயத்தால் காட்டுகிறது. திரையில் எரியும் சில சிவப்பும் பச்சையும் ஊதாவும் சாயத்தில் இல்லவே இல்லை. அதே துணியில் ஒரு சிறு மாதிரி அச்சிட்டு, ஆவியேற்றிக் கழுவிய பின், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடையின் எல்ஈடி விளக்கின் கீழ் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஸ்கிரீன் பிரிண்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன், ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் செலவு. ஆகவே நிறங்களை முதலிலேயே மூன்று நான்காகக் குறைத்து, ஒவ்வொன்றையும் தனி அடுக்கில் வையுங்கள். அடுத்தடுத்த நிறங்கள் மயிரிழை ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். இல்லையென்றால் துணி சற்று நகர்ந்தாலும் வெள்ளை எட்டிப் பார்க்கும். பத்திக் வேலைக்குக் கொடுப்பதென்றால் வெளிர் நிறத்திலிருந்து கருமைக்குப் போகும் வரிசையில் அடுக்குங்கள், மெழுகு அந்த வரிசையில்தான் ஏறும். முழு அளவில் தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் போதும், துணிக்கு அடியில் வைத்துப் பார்த்து வரைந்துகொள்வார்கள்.

எம்பிராய்டரி இயந்திரத்துக்கும் இதே கோப்பைக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் அது நேரடியாகத் தைக்காது. ஊசி எங்கே இறங்குவது, நூல் எந்தத் திசையில் ஓடுவது என்று சொல்லும் தனிக் கோப்பு வேண்டும். உங்கள் வெக்டரை வைத்து அதைத் தயாரிப்பது இன்னொருவர் தொழில், அதற்குத் தனிக் கூலி உண்டு. கையால் ஆரி வேலை செய்பவர்களுக்கு முன்பு சொன்ன தனிக்கோட்டை உண்மை அளவில் அச்சிட்டால் போதும்.

மணவறைக்கு லேசரில் வெட்டக் கொடுத்தேன். பெயர்களில் நடுத் துண்டுகள் விழுந்துவிட்டன.

பலகையில் எழுத்தைத் துளையாக வெட்டினால் ‘ண’, ‘ன’ போன்றவற்றின் சுழிக்குள் அடைபட்ட பகுதி பிடிமானமின்றி விழும். எழுத்தையே வெட்டி எடுத்தால் மெய்யெழுத்தின் புள்ளி தனியாகக் கழன்றுபோகும். ‘கண்ணன்’ என்ற பெயரில் இரண்டு தொல்லையும் இருக்கின்றன. சுழிகளுக்குச் சிறு பாலம் விடுங்கள், புள்ளியை எழுத்தோடு ஒரு காம்பால் இணையுங்கள். பாலம் பலகையின் தடிப்புக்குக் குறையாமல் இருக்கட்டும். கோலத்துக்கும் இதே விதிதான்.

அழைப்பிதழில் என் படம் சரியாக வந்தது, தமிழ் எழுத்துகள் மட்டும் உடைந்துவிட்டன. ஏன்?

நீங்கள் யூனிகோடில் எழுதியிருப்பீர்கள். இங்கே பல அச்சகங்களில் இன்னும் யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருதான் புழங்குகிறது, சில பழைய மென்பொருள்கள் யூனிகோட் தமிழைக் கோக்கத் தெரியாமல் ‘கொ’வின் கொம்பை ஒரு பக்கமும் காலை ஒரு பக்கமும் எறிந்துவிடும். கோப்பைக் கொடுக்கும்முன் எழுத்துகளை வெக்டர் வடிவங்களாக மாற்றிவிடுங்கள். இன்க்ஸ்கேப்பில் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’. மாற்றாத பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், மாப்பிள்ளையின் தலைப்பெழுத்து கடைசி நேரத்தில் மாறும்.

கொச்சிக்கடைக் கோயில் தூணைப் பார்த்து வரைந்தேன். அதை டிசைனாக விற்கலாமா? என் டிசைனை யாராவது திருடினால்?

பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலின் கருங்கல் வேலைப்பாட்டில் உள்ள கொடியும் தாமரையும் மரபு வடிவங்கள், அவற்றைப் பார்த்து நீங்களே வரைந்தது உங்கள் வேலை. கோயிலுக்குள் படம் எடுக்க அனுமதி கேளுங்கள், அது மரியாதை. தெய்வ உருவங்களைச் சேலையின் கீழ்க்கரையில் போடாதீர்கள், வாங்குபவர்களே திட்டுவார்கள். இன்னொருவர் இணையத்தில் போட்ட வரைபடத்தை ட்ரேஸ் செய்தால் அது உங்களுடையது ஆகாது, எத்தனை நிறம் மாற்றினாலும்.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிப்புரிமை வரைந்த கணமே உண்டாகிறது, பதிவு தேவையில்லை. வடிவத்தைக் கைத்தொழில் வடிவமாகத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிவும் செய்யலாம். பதிவு ஐந்து ஆண்டு, இருமுறை புதுப்பிக்கலாம். வடிவம் புதிதாக இருக்க வேண்டும் என்பதால், முகநூலில் போட்டுக் கைதட்டல் வாங்கும்முன் விசாரியுங்கள். திகதியிட்ட பென்சில் வரைவுகளை எறிய வேண்டாம், தகராறு வந்தால் அவைதான் பேசும்.

இவ்வளவு பாடு எதற்கு? செயற்கை நுண்ணறிவிடம் ஸ்கெச்சைக் கொடுத்தால் நிமிடத்தில் தந்துவிடுமே?

தரும், ஆனால் அது உங்கள் ஸ்கெச்சைச் சுத்தம் செய்வதில்லை, அதைப் பார்த்து வேறொன்றை வரைகிறது. சிக்குக் கோலத்தைக் கொடுத்துப் பாருங்கள். தூரத்திலிருந்து பிரமாதமாக இருக்கும், விரலால் பின்தொடர்ந்தால் கோடு எங்கோ முட்டி நிற்கும். பெரும்பாலும் கிடைப்பது பிக்சல் படம், ஆகவே ட்ரேஸும் ரிப்பீட்டும் மறுபடி உங்கள் தலையில்தான். நிறச் சேர்க்கை தேட அதைப் பயன்படுத்துகிறேன். வாடிக்கையாளர் தந்த வரைபடத்தை அவரைக் கேட்காமல் அதில் ஏற்றுவதில்லை.

கடைக்காரர் பணம் தந்துவிட்டு, மூலக் கோப்பையும் தா என்கிறார். கொடுக்க வேண்டுமா?

பேசியதைப் பொறுத்தது, ஆகவே முன்பே பேசுங்கள். அச்சுக்கான கோப்பு வேறு, அடுக்குகளோடு உள்ள மூலக் கோப்பு வேறு. மூலத்தைக் கொடுத்தால் அவர் நிறம் மாற்றி, பூவை வெட்டி, பத்து டிசைன் ஆக்கிக்கொள்ளலாம். அதற்குத் தனி விலை சொல்லுங்கள். எத்தனை திருத்தம், எந்தப் பொருளில், எவ்வளவு காலம் என்று வட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் அவரிடம் சம்பளத்துக்கு வேலை செய்பவரென்றால், வேறு உடன்பாடு இல்லாதவரை வேலையில் வரைந்தது முதலாளிக்கே உரியது. அப்போது கொடுத்துவிட வேண்டியதுதான்.